நூறு பங்கு விற்றதற்கா இவ்வளவு சரிவு?

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மகன், அங்கே ஓடிசி சந்தையில் (பெரிய பங்குச் சந்தைகளில் பட்டியலிடாத பங்குகள் கைமாறும் இடம்) ஒரு சின்ன கம்பெனிப் பங்கை 12 சென்ட் விலையில் 1,000 வாங்கியிருக்கிறான். திடீரென்று 100 பங்கு கைமாறுகிறது, திரையில் விலை 10 சென்ட் ஆகிவிடுகிறது. மார்க்கெட் மேக்கர்கள் (ஒரு பங்குக்கு வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் சொல்லி வியாபாரம் செய்பவர்கள்) தங்களுக்குள் காட்டிக்கொள்ளும் சைகை இது என்கிறான். உண்மையா? (வாசகர், கோத்தகிரி)

பதில்: இந்தச் சைகைக் கதை ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. 100 பங்கு விற்றால் ‘எனக்குப் பங்கு வேண்டும்’ என்று அர்த்தமாம். நான் நம்புவதில்லை. பேசுவதற்குத்தான் போன் இருக்கிறதே.

உங்கள் ஊர் மார்க்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வியாபாரி கேரட்டைக் கிலோ 30 ரூபாய்க்கு எடுக்கிறார், 36க்குக் கொடுக்கிறார். அவசரத்துக்கு ஒருவர் அரை மூட்டையை 30க்குப் போட்டுவிட்டுப் போகிறார். உடனே பலகையில் ‘கேரட் 30’ என்று எழுதினால் விலை விழுந்த மாதிரிதான் தெரியும். ஆனால் அந்த 30 காலையிலிருந்தே அங்கே இருந்தது. உங்கள் மகன் பார்த்ததும் இதுதான்: மார்க்கெட் மேக்கர் வாங்கும் விலை 10, விற்கும் விலை 12. கடைசியாக நடந்த வியாபாரம், அது பத்து டாலர் சமாச்சாரமாக இருந்தாலும், திரையில் ‘விலை’ என்று ஏறிவிடுகிறது.

மார்க்கெட் மேக்கரின் பிடி இருப்பது வேறு இடத்தில். 10 சென்டிலிருந்து 20 சென்டுக்குள் இருக்கும் பங்குக்கு அவர் விலை சொன்னால், குறைந்தது 5,000 பங்குக்குச் சொல்ல வேண்டும் என்பது அங்கே பங்குத் தரகர்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா அமைப்பின் விதி. அதைவிடச் சிறிய வாடிக்கையாளர் ஆர்டரைத் திரையில் காட்டும் கட்டாயம் அவருக்கு இல்லை. மகன் 1,000 பங்கை 11 சென்டுக்கு விற்கப் போட்டாலும், வாங்க வருகிறவர் கண்ணுக்கு 12 மட்டுமே தெரியலாம். சின்ன ஆளுக்கு உண்மையில் வலிக்கிற இடம் இதுதான்.

சந்தை மூடும் நேரத்தில் வேண்டுமென்றே நாலு பங்கு வாங்கி விலையை ஏற்றிக் காட்டுகிற ஆட்களும் உண்டு. அது சட்டப்படி குற்றம். மார்க்கெட் மேக்கர்தான் செய்ய வேண்டும் என்றில்லை, யாரும் செய்யலாம்.

சரி, மகன் என்ன செய்வது? ‘கிடைத்த விலைக்கு’ என்று மார்க்கெட் ஆர்டர் போடவே கூடாது, விலையைக் குறித்து லிமிட் ஆர்டர்தான் போட வேண்டும். அப்புறம், கணக்கில் தெரியும் மதிப்பு 12ஐ வைத்துப் போட்டதா, 10ஐ வைத்துப் போட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 120 டாலர் கொடுத்து வாங்கியது, இன்றே விற்றால் 100தான் வரும்.