வாசகர் கேள்வி–பதில்: பவளத் தொட்டியில் படரும் செம்படலம்

கேள்வி: எங்கள் வீட்டு வரவேற்பறையில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்றை ஒன்றரை ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறோம். அதில் இரண்டு கோமாளி மீன்களும் சில மென்பவளங்களும் உள்ளன. பங்குனி பிறந்ததிலிருந்து மணலின் மீதும் பாறை இடுக்குகளிலும் கருஞ்சிவப்பான வழவழப்புப் பாசி படர்கிறது. அள்ளி எறிந்தால் மூன்றாம் நாளே திரும்பி வந்துவிடுகிறது. பரிசோதித்ததில் நைட்ரேட் பூஜ்ஜியம், பாஸ்பேட் லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் என்று காட்டுகிறது. ஆவியாகும் நீருக்கு ஈடாக வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் தண்ணீரை ஊற்றுகிறோம். மீன் கடையில் ஆன்டிபயாடிக் பொடி ஒன்றைத் தந்திருக்கிறார்கள். போடலாமா?
– வாசகி, சத்துவாச்சாரி

பதில்: பொடி இப்போதைக்கு அலமாரியிலேயே இருக்கட்டும். முதலில் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். விளக்கு எரிந்து சில மணி நேரம் ஆன பிறகு, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் தொட்டி நீரையே உறிஞ்சி அந்தப் படலத்தின் ஓரத்தில் பீய்ச்சிப் பாருங்கள். ஆறிய பாலின் மேல் படிந்த ஏடு போல அது ஒரே துண்டாக உரிந்து சுருண்டு எழுந்தால், அதன் மேற்பரப்பில் முத்து முத்தாகக் குமிழிகளும் ஒட்டியிருந்தால், பெரும்பாலும் அது சயனோபாக்டீரியாதான். பாறையோடு ஒட்டிக் கல்லைப் போலக் கெட்டியாக இருக்கும் ஊதாச் சிவப்புப் பூச்சு வேறு. அது நலமான தொட்டியின் அடையாளம் என்பதால் அதைச் சுரண்டிவிடாதீர்கள்.

வழக்கில் பாசி என்று சொன்னாலும் இது உண்மையில் ஒளிச்சேர்க்கை செய்யும் ஒரு பாக்டீரியாக் கூட்டம். ஆரணி, ஆற்காடு வட்டாரத்து நெல் விவசாயிகள் உயிர் உரமாக அறிந்திருக்கும் நீலப்பச்சைப் பாசியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஃபைகோஎரித்ரின் என்ற நிறமி மிகுந்திருப்பதால் உங்கள் தொட்டியில் இருப்பது சிவப்பாகத் தெரிகிறது. காற்றிலிருந்து கரைந்த நைட்ரஜனைப் பிடித்துத் தன் உணவாக்கிக்கொள்ளும் வல்லமை இக்குடும்பத்தின் பல இனங்களுக்கு உண்டு. வயலில் நமக்கு உதவும் அந்த வல்லமைதான் தொட்டியில் உபத்திரவமாகிறது. நைட்ரேட் இல்லாமல் மற்றப் பாசிகளும் நல்ல பாக்டீரியாக்களும் தடுமாறும்போது, பாஸ்பேட் மட்டும் கிடைத்தால் போதும் என்று இது தழைக்கும். ஆகவே உங்கள் பூஜ்ஜிய நைட்ரேட்டைச் சுத்தத்தின் சான்றாகக் கொள்ள வேண்டாம். படலமே நைட்ரேட்டை உறிஞ்சிவிடுவதாலும் கருவி அப்படிக் காட்டலாம்.

பாஸ்பேட் எங்கிருந்து வருகிறது என்பதற்கான விடை பெரும்பாலும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: பங்குனியில் தொடங்கியது என்கிறீர்கள். தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் வேலூரைக் கேலி செய்வார்களே தவிர, வெயில் இல்லாத ஊர் என்று யாரும் சொன்னதில்லை. தொட்டி சூடாகாமல் இருக்க மின்விசிறியை நீர்ப்பரப்பின் மீது திருப்பி வைத்தால் நாளொன்றுக்கு 3 லிட்டர் ஆவியாவது எளிது. மாதத்துக்கு 90 லிட்டர். ஆவியாவது தூய நீர் மட்டுமே என்பதால், ஈடாக ஊற்றும் நீரில் கரைந்திருப்பவை அனைத்தும் தொட்டியிலேயே தங்கிவிடும். அந்த நீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் பாஸ்பேட் இருப்பதாக வைத்துக்கொண்டால்கூட, மாதத்துக்கு 9 மில்லிகிராம் சேர்ந்து, 200 லிட்டரில் 0.045 அளவுக்கு ஏற்றிவிடும்.

ஆர்.ஓ. நீரில் எப்படி வரும் என்று கேட்கலாம். வீட்டு இயந்திரங்கள் பலவற்றில் குடிநீரின் சுவைக்காக, வடிகட்டிய நீரோடு கொஞ்சம் வடிகட்டாத நீரைக் கலக்கும் சிறிய திருகு ஒன்று இருக்கிறது. சிலவற்றில் கடைசியில் தாதுப்புச் சேர்க்கும் உருளையும் உண்டு. குடிப்பவருக்கு நன்மை, பவளத்துக்குத் தொல்லை. நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை அந்த நீரில் வைத்துப் பாருங்கள்; 50, 80 என்று காட்டினால் அது பவளத் தொட்டிக்கு உரியதன்று. கேன் தண்ணீரும் அப்படித்தான். மெம்பரேனிலிருந்து நேராக வரும் நீரை எடுத்து, எஞ்சிய உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் நிரப்பிய உருளை வழியாக விட்டு, மீட்டர் பூஜ்ஜியம் காட்டுவதை உறுதி செய்துகொண்டு ஊற்றுங்கள். இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாமல் வேறு எதைச் செய்தாலும் பலன் நிற்காது என்பது என் கருத்து.

அடுத்தது உறைந்த உணவு. இறால் கட்டியைக் கரைத்து அந்தக் கழுநீரையும் சேர்த்து ஊற்றுவது பலருடைய பழக்கம். ஒரு தேநீர் வடிகட்டியில் போட்டு அலசி, சதையை மட்டும் இடுங்கள்.

படலத்தை நாள்தோறும் மாலையில் மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பத்து லிட்டர் உப்புநீரை இழப்பது கட்டுப்படியாகாது. ஆகவே குழாயின் மறுமுனையைச் சம்ப்பின் (தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) மேல் கட்டிய துணிக்குள் விடுங்கள். நான் பழைய வேட்டித் துணியை நான்காக மடித்துப் பயன்படுத்துகிறேன், சோப்பு படாமல் வெந்நீரில் அலசியதாக. சிவப்புச் சக்கை துணியில் தங்கும், நீர் தொட்டிக்கே திரும்பும். நீரோட்டம் தேங்கும் பாறை மறைவுகளில்தான் படலம் முதலில் பிடிக்கும் என்பதால் அலை பம்பை அந்தப் பக்கம் திருப்புங்கள். உங்கள் தொட்டிக்கு மணிக்கு 4,000 முதல் 6,000 லிட்டர் ஓட்டம் இருக்கலாம். கடைகளில் ஜி.எஃப்.ஓ. என்று கேட்டால் கிடைக்கும், பாஸ்பேட்டை உறிஞ்சும் துருநிற இரும்பு ஆக்சைடு துகள்களைக் கொண்டு பாஸ்பேட்டை 0.05 அளவுக்குச் சில வாரங்களில் இறக்கலாம். ஒரே நாளில் இறக்கினால் பவளங்கள் சுருங்கிவிடும். நைட்ரேட் 5 அளவுக்கு ஏறினால் அஞ்ச வேண்டாம், அது நல்லதே.

பொடியைப் பற்றி: இத்தகைய பொடிகளில் பெரும்பாலும் இருப்பது எரித்ரோமைசின் வகை மருந்து. படலம் இரண்டு நாளில் மறையும் என்பது உண்மைதான். ஆனால் இறந்த படலம் அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைக் குடித்துவிடும். வெப்பமான நீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. சில ஆண்டுகளுக்கு முன் நானும் அவசரப்பட்டு இதைப் போட்டேன். அன்றிரவு மின்சாரம் போய், காற்றுக்கல்லும் அலை பம்பும் நின்றுவிட, விடியற்காலையில் டார்ச் அடித்துப் பார்த்தபோது மீன்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இரண்டைக் காப்பாற்ற முடியவில்லை. ஆறு வாரங்களில் படலமும் திரும்பி வந்தது. மற்ற வழிகள் யாவும் தோற்ற பின்பே, பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பை அருகில் வைத்துக்கொண்டு, உறையிலுள்ள அளவுக்கு மிகாமல் அதைப் போடுவது பற்றி யோசியுங்கள். மருந்து கலந்த நீரைச் சாக்கடையில் கொட்டினால் அது பாலாற்றுப் படுகைக்குத்தான் போய்ச் சேரும் என்பதும் எனக்கு உறுத்தல்.

கேள்வி: எங்கள் தொட்டியில் படலம் பழுப்பு நிறத்தில், சளியைப் போல நூல் நூலாகத் தொங்குகிறது. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டுமே பூஜ்ஜியம். நத்தைகள் ஒவ்வொன்றாக இறக்கின்றன. இதற்கும் இதே வைத்தியமா?
– வாசகர், காட்பாடி

பதில்: இல்லை, கிட்டத்தட்ட நேர்மாறான வைத்தியம். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் டைனோஃபிளஜெல்லேட் என்ற நுண்ணுயிரைக் காட்டுகின்றன. அவற்றில் சில இனங்கள் நஞ்சுடையவை, நத்தைகள் இறப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பள்ளி ஆய்வக நுண்ணோக்கி ஒன்று கிடைத்தால் ஒரு துளியை வைத்துப் பாருங்கள்: அசைவற்ற இழைகளோ மெல்ல வழுக்கிச் செல்லும் இழைகளோ தெரிந்தால் சயனோ, தனித்தனி உருண்டைகள் சுழன்றபடி ஓடினால் டைனோ. இரண்டாவது என்றால் பாஸ்பேட் உறிஞ்சியை உடனே எடுத்துவிட்டு, நீர் மாற்றுவதையும் நிறுத்தி, மீன்களுக்குச் சற்றுத் தாராளமாகவே உணவிடுங்கள். இரண்டு சத்துகளும் கருவியில் தெரியும் அளவுக்கு உயர்ந்தால்தான் போட்டி உயிர்கள் வளர்ந்து இதை ஒடுக்கும்.

கேள்வி: இராமேஸ்வரம் பக்கத்திலிருந்து உயிருள்ள பவளப் பாறை கொண்டுவந்து வைத்தால் செம்படலம் அடங்கிவிடும் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், இராணிப்பேட்டை

பதில்: கொண்டுவராதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. கடினப் பவளங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. எடுப்பதும் வாங்குவதும் குற்றம். தொட்டிக்கென்று செய்யப்பட்ட செயற்கைப் பாறையும் துளையுள்ள பீங்கான் கட்டிகளும் நல்ல பாக்டீரியாக்களுக்கு இடம் தரப் போதும். எந்தப் பாறையானாலும் முதலில் ஒரு பக்கெட் உப்புநீரில் சிறு பம்போடு நான்கு வாரம் ஊறவைத்து, அந்த நீரின் பாஸ்பேட்டைப் பார்த்துவிட்டே தொட்டிக்குள் இறக்குங்கள். அளவு ஏறியிருந்தால் நீரை மாற்றி மீண்டும் ஊறவையுங்கள்.