காய்ச்சல் என்று எழுதாதே, மகளே
சிஸ்டரம்மாவிடம் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 29 வயது. தாராவியிலிருந்து நவி மும்பையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறேன். ஆண்கள் மெடிக்கல் வார்டு, 12 மணி நேர டூட்டி. ஒரு வருஷமாக இடுப்பில் வலி. காலையில் எழுந்ததும் பல் தேய்க்கக் குனிய முடியவில்லை. எக்ஸ்ரே நார்மல். இன்சார்ஜ் சிஸ்டர் 'வெயிட்டைக் குறை' என்கிறார். மாமியார், 'பிள்ளை பெத்தப்போ முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அதுதான்' என்கிறார். பெல்ட் வாங்கிக் கட்டியிருக்கிறேன். என் உடம்பில்தான் ஏதாவது கோளாறா, அம்மா?
ஒரு வாசகி, தாராவி

பதில்: வலியைப் பற்றி நிறைய எழுதிவிட்டு வேலையைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டாய், மகளே. நான் அந்த வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஆண்கள் மெடிக்கல் வார்டு. தானாகத் திரும்பிப் படுக்க முடியாதவர்கள் 8 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள். படுக்கைப் புண் வராமலிருக்க 2 மணிக்கொரு தடவை திருப்ப வேண்டும். 12 மணி நேரத்தில் ஆளுக்கு 6 தடவை, மொத்தம் 48. பெட்பேன் வைப்பது, டயப்பர் மாற்றுவது, கால்மாட்டுக்குச் சரிந்தவரை மேலே இழுப்பது எல்லாம் இதில் சேராது. சிமெண்ட் மூட்டை தூக்குகிறவருக்காவது மூட்டை திமிறாது, கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்காது.

அமெரிக்க அரசின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனமான நையாஷ், தூக்கும் வேலைக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எல்லாம் தோதாக அமைந்தால், பெட்டி மாதிரிப் பொருளுக்கு அதிகபட்சம் 23 கிலோ. அதே கணக்கை நோயாளிக்குப் போட்டுப் பார்த்து 2007-ல் சொன்ன அளவு சுமார் 16 கிலோ. அதற்கு மேல் போனால் கருவியின் உதவி வேண்டும் என்றார்கள். 70 கிலோ ஆளின் ஒரு கால் மட்டுமே 11 கிலோ பக்கம் வரும். இப்போது சொல், கோளாறு யாரிடம்?

என் கதையையும் கேள். 1991. ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். ஆண்கள் ஆர்த்தோ வார்டு, 14-ம் நம்பர் கட்டில். ஆறடி உயர லாரி டிரைவர், காலில் பிளாஸ்டர். விடிகாலை நாலே கால் இருக்கும், யூரின் பாட்டிலை எட்டி எடுக்கப் போய் ஓரத்தில் சரிகிறார். மாமா ரத்த சாம்பிளோடு லேபுக்குப் போயிருந்தார். (ஊர்ப்பக்கத்து வாசகர்களுக்கு: மும்பை ஆஸ்பத்திரிகளில் வார்டு பாய்க்கு மாமா, ஆயாவுக்கு மவுசி என்றுதான் பெயர்.) ஓடிப்போய்த் தோளால் முட்டுக் கொடுத்தேன். அவர் விழவில்லை. என் இடுப்பில்தான், ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு முறுக்கு. காலையில் ஹேண்ட்ஓவர் கொடுக்கும்போது கீழே விழுந்த பேனாவை எடுக்க முடியாமல் நின்றேன்.

லீவு ஃபாரத்தில் என்ன எழுதினேன் தெரியுமா? காய்ச்சல். முதுகு வலி என்று எழுதினால் 'இவளால் வார்டு பார்க்க முடியாது' என்று பெயராகிவிடும் என்று சீனியர்கள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த வார்டில் எல்லாருக்குமே வருஷத்துக்கு ரெண்டு தடவை காய்ச்சல் வரும். ஆஸ்பத்திரி ரிக்கார்டைப் பார்த்தால் எங்களில் ஒருத்திக்கும் முதுகே கிடையாது.

மற்றதைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். தசை, தசைநார், டிஸ்க் எதுவும் எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால் நார்மல் என்றால் வலி பொய் என்று அர்த்தமில்லை. பிரசவ ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும். வருஷக் கணக்கில் வலிக்க அதைக் காரணம் சொல்ல முடியாது. மாமியாரிடம் இதை நீ சொல்லாதே, டாக்டரை விட்டுச் சொல்லச் சொல். எடை குறைவது நல்லதுதான், ஆனால் இன்சார்ஜ் குறைக்கச் சொல்ல வேண்டியது உன் எடையை அல்ல, நீ தூக்குகிற எடையை. பெல்ட் கட்டினால் முதுகு அடிபடாமல் காக்கும் என்பதற்கு ஆதாரமில்லை என்று நையாஷ் 1994-லேயே சொல்லிவிட்டது. பெல்ட் தரும் தைரியத்தில் இன்னும் கூடத் தூக்குவோம் என்பது என் அனுபவம்.

நாளைக்கு டூட்டிக்குப் போனதும் கட்டிலைக் கவனி. கால்மாட்டு ஹேண்டிலைச் சுற்றினால் தலைமாடு உயரும், முழங்கால் பக்கம் உயரும். கட்டில் மொத்தமாக உயராது. சுமார் 2 அடியிலேயே நிற்கும். உன் இடுப்போ 3 அடியில் இருக்கிறது. அந்த ஓரடியை ஒவ்வொரு தடவையும் உன் முதுகு குனிந்து ஈடு கட்டுகிறது. 'குனியாதே, முழங்காலை மடக்கு' என்று வருஷத்துக்கொரு வகுப்பு எடுக்கிறார்களே, அந்தப் பயிற்சியால் மட்டும் வலி குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. காட்டாது. கட்டில் அப்படியே இருக்கிறதே!

ஆகவே, மேலே இழுக்கும்போது முதலில் தலைமாட்டைத் தட்டையாக்கு. தலையணையை எடு. ஆளை டிரா ஷீட்டோடு (அவருக்கு அடியில் குறுக்கே விரிக்கும் துணி) இழு, அக்குளில் கை போட்டு இழுக்காதே. ரெண்டு பக்கமும் ரெண்டு பேர். ஷீட்டின் ஓரத்தை நோயாளியின் உடம்பு வரைக்கும் சுருட்டி, முஷ்டி அவர் உடம்பை ஒட்டி இருக்கும்படி பிடிக்க வேண்டும். ஓரத்தைத் தொளதொளவென்று பிடித்தால் பாரம் முழுக்கத் தோளில் ஏறும். காலை ஊன்ற முடிந்தவரிடம், 'மூணு எண்ணுறேன், நீங்களும் உதைங்க' என்று சொல். நாம்தான் அவர்களைக் கேட்பதே இல்லை. ஷீட்டுக்கு அடியில் போடும் வழுக்கும் நைலான் துணி கிடைத்தால் பாதி பாரம் குறைந்த மாதிரி இருக்கும். டிரிப்ஸுக்குக் கையில் கேனுலா ஊசி போடும்போது ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார். உட்கார்ந்தால் சோம்பேறி என்று எந்த மேட்ரன் சொன்னாலும் சொல்லிவிட்டுப் போகட்டும்.

வலி இருக்கிறதென்று படுத்தே கிடக்காதே, நட. ஆனால் வலி காலுக்கு இறங்கிப் பாதம் தொங்கினாலோ, ரெண்டு தொடைக்கும் நடுவில் மரத்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தானாகப் போனாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இரவு டூட்டி முடிந்து வாஷியிலிருந்து குர்லா வரை ரயிலில் நின்றுகொண்டே வருவாய் என்று நினைக்கிறேன். லேடீஸ் டப்பாவில் வாய்விட்டு இடம் கேள். கர்ப்பிணியா என்று பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

கேள்வி: என் மனைவி நர்ஸ். ராத்திரி கட்டைவிரலும் பக்கத்து ரெண்டு விரலும் மரத்துப்போய் எழுந்து கையை உதறுகிறாள். செல்போன்தான் காரணமா?
ஒரு வாசகர், செம்பூர்

பதில்: செல்போனை விடுங்கள் தம்பி. மணிக்கட்டில் நரம்பு நெரிபடும்போது இப்படித்தான் வரும், உதறினால் கொஞ்சம் விடும். தைராய்டு, சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரி மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்பிளிண்ட் பலருக்கு உதவும். கட்டைவிரல் அடிச்சதை வற்ற ஆரம்பித்தால் தள்ளிப் போடாதீர்கள். வீட்டில் மாவு பிசைவதும் துணி பிழிவதும் யார் வேலை என்று நான் கேட்கவில்லை.

கேள்வி: நான் ஒரு வார்டின் இன்சார்ஜ். என் பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு வலி இருக்கிறது. நிர்வாகத்திடம் சொன்னால் 'எல்லா இடத்திலும் இருப்பதுதானே' என்கிறார்கள். என்ன செய்ய?
ஒரு வாசகி, சயான்

பதில்: 'முக்கால்வாசி' என்று வாயால் சொன்னால் அந்தப் பதில்தான் வரும். காகிதத்தில் கொண்டு போங்கள், சிஸ்டர். நோர்டிக் கேள்வித்தாள் என்று ஒன்று 1987-லிருந்து உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு மனித உருவம், அதில் 9 இடங்கள்: கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு, மேல் முதுகு, இடுப்பு, தொடை, முழங்கால், கணுக்கால். ஒவ்வொன்றுக்கும், கடந்த 12 மாதத்தில் தொந்தரவு இருந்ததா, கடந்த 7 நாளில் இருந்ததா, அதனால் வேலை தடைப்பட்டதா என்று கேட்கும். டிக் போட்டால் போதும். பத்து நிமிஷ வேலை. பெயர் எழுதச் சொல்லாதீர்கள். மருந்து அட்டைப்பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டு டீ ரூமில் வையுங்கள்.

அதோடு ஒரு வாரம் ஷிஃப்ட் வாரியாக எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ் என்று குறியுங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் நெறிமுறைப்படி பொது வார்டில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியானால் 3 பேருக்கு ஒருவர், மற்ற பொது ஆஸ்பத்திரிகளில் 5 பேருக்கு ஒருவர், லீவுக்கு ஈடாக 30 சதவீதம் கூடுதல். உங்கள் எண்ணை அதன் பக்கத்தில் எழுதினாலே போதும், விளக்கம் தேவைப்படாது.

முதல் கோரிக்கையாக ஆள் கேட்காதீர்கள். 'பட்ஜெட் இல்லை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். கட்டில் ஹேண்டில் கேளுங்கள். என் காலத்தில் நாலு கட்டிலுக்கு ஒரு ஹேண்டில். தொலைந்துவிடும் என்று அதையும் இன்சார்ஜ் பீரோவில் பூட்டி வைப்பார். சாவி கேட்கச் சங்கடப்பட்டு, ஹேண்டிலால் செய்ய வேண்டியதை எல்லாரும் கையால் செய்வோம். எண்ணிப் பாருங்கள், உங்கள் வார்டிலும் குறையும். அடுத்து ரெண்டு வழுக்குத் துணி, நாலு ஸ்டூல். இவை வந்த பிறகு ஆள் கணக்கை மேசையில் வையுங்கள்.

இனி யாராவது காய்ச்சல் என்று லீவு ஃபாரம் எழுதிக்கொண்டு வந்தால், தெர்மாமீட்டரை நீட்டுங்கள். திட்டுவதற்காக அல்ல, 'முதுகு வலி' என்று மாற்றி எழுதவைத்து நீங்கள் கையெழுத்துப் போடுவதற்காக.