சாப்பாடு இல்லாத நாளில் சர்க்கரை மாத்திரை போடலாமா?

கேள்வி: வயது 46, வீட்டு வேலை செய்கிறேன். காலையில் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு கிளம்புவேன். 11 மணிக்கெல்லாம் வேர்த்துக் கொட்டி கை நடுங்குகிறது. நரம்புத் தளர்ச்சி என்கிறார்கள். மாதக் கடைசியில் ஒருவேளைச் சாப்பாடுதான், அப்படியும் சர்க்கரை 240. கடன் கவலையில் தூக்கமும் இல்லை. ரேஷன் அரிசி காரணமா? மாத்திரை கிட்னியைக் கெடுக்குமா? இப்போது மூலிகைப் பொடியும் சாப்பிடுகிறேன்.

பதில்: கிட்னி பயத்தை விடுங்கள் அம்மா. எனக்குக் கவலை அந்த 11 மணி நடுக்கம்தான். அது பெரும்பாலும் சர்க்கரை தாழ்ந்துபோவதன் அடையாளம். கிளிமிபிரைடு உடம்பில் இன்சுலினைச் சுரக்க வைக்கும், நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். ஆகவே சாப்பாடு கையில் இருந்தால்தான் அந்த மாத்திரை. இல்லாத வேளையில் அதைப் போடாதீர்கள்.

நடுக்கம் வந்தால் வேலையை நிறுத்தி உட்காருங்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் குடியுங்கள். தெளிந்ததும் இட்லியோ சோறோ சாப்பிட்டே ஆகவேண்டும், ஏனென்றால் மாத்திரையின் வேகம் பல மணி நேரம் நீடிக்கும், திரும்பவும் தாழலாம். பேச்சு குழறினாலோ மயங்கினாலோ வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்கும்படி வேலை செய்யும் வீட்டில் இன்றே சொல்லி வையுங்கள்.

பட்டினி கிடந்தும் 240 எப்படி என்று கேட்கிறீர்கள். கவலையிலும் தூக்கமில்லாத இரவிலும் சுரக்கும் ஹார்மோன்கள், ஈரலில் சேர்த்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும். நாளெல்லாம் காய்ந்த வயிறு இரவில் தட்டு நிறையச் சோறு கேட்கும், அதுவும் சேர்ந்துகொள்ளும். உங்கள் மேல் தப்பில்லை.

ரேஷன் அரிசியும் கடை அரிசியும் சர்க்கரையை ஏற்றும், அளவுதான் கணக்கு. கிட்னியைக் கெடுப்பது கட்டுக்குள் வராத சர்க்கரை; கிட்னி பயத்தில் மாத்திரைகளை மொத்தமாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் கிட்னி ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் கிளிமிபிரைடு உடம்பில் அதிக நேரம் தங்கும். அதனால் அரசு மருத்துவமனையில் கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. இன்றே நிறுத்துங்கள், அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம். ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்தான், விட்டுவிடாதீர்கள்.

இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு மாத்திரை வருகிறதென்றால் கொண்டுவருபவரிடமும் சொல்லுங்கள். "மாதக் கடைசியில் ஒருவேளைதான் சாப்பிடுகிறேன்" என்பதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் சர்க்கரையை இப்படித் தாழ்த்தாத மாத்திரையாக மாற்றித் தரமுடியும்.