பொங்கல் விழாவில் மண்ணின் மக்களுக்கு மரியாதை: யார் சொல்வது?

வணக்கம். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உள்ள பரமட்டாவில் கவுன்சில் (உள்ளாட்சி மன்ற) மண்டபம் எடுத்துப் பொங்கல் விழா வைக்கிறீர்கள், தொடக்கத்தில் 'வெல்கம் டு கன்ட்ரி'யை உங்கள் சங்கத் தலைவரே சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

அவர் சொல்லக்கூடாது. அது அந்த மண்ணுக்குரிய பூர்வகுடி மக்கள் தரும் வரவேற்பு. விருந்துக்கு வந்தவர் வாசலில் நின்று 'வாங்க, வாங்க' என்று அழைக்க முடியுமா? பரமட்டாவில் அந்த உரிமை தாருக் மக்களின் பெரியவர்களுக்குத்தான். தலைவர் சொல்ல வேண்டியது 'அக்னாலெஜ்மென்ட் ஆஃப் கன்ட்ரி'. மண்ணின் மக்களை மதித்து நினைவுகூரும் அதை யாரும் சொல்லலாம். தமிழிலும் சொல்லுங்கள், நம் பாட்டி தாத்தாக்களுக்கும் புரியட்டும். பரமட்டா என்ற பெயரே தாருக் மொழியிலிருந்து வந்தது, அங்கே வாழ்ந்த குலத்தின் பெயர் பர்ரமட்டகல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அச்சடித்த வாசகத்தை ஒப்பிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பெரியவர் ஒருவரையே அழைக்க முடிந்தால் மிக நல்லது. யாரை அணுகுவது என்று கவுன்சிலில் கேளுங்கள். இதற்குக் கட்டணம் கொடுப்பது வழக்கம், பேரம் பேசாதீர்கள். முன்வரிசையில் உட்கார வைத்து, பொங்கல் பரிமாறிவிட்டு அனுப்புங்கள்.

அப்புறம், தேதி. ஆஸ்திரேலிய தின விடுமுறை என்று ஜனவரி 26-ஐ யோசிப்பதாக எழுதியிருந்தீர்கள். 1788-ல் ஆங்கிலேயர் சிட்னியில் கொடி நாட்டிய நாள் அது. 1938-லேயே பூர்வகுடித் தலைவர்கள் அதைத் துக்க நாளாக அறிவித்துக் கூடினார்கள். தயவுசெய்து ஒரு வாரம் முன்னால் வையுங்கள்.