கிளைக்கு ஒரு சர்வர் தேவையா? கொட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: ஈரோட்டைத் தலைமையிடமாகக் கொண்ட நகைக்கடன் நிறுவனம் எங்களுடையது. 34 கிளைகள். கிளைக்கு 6 முதல் 9 கம்ப்யூட்டர்கள், தலைமை அலுவலகத்தில் 45. கிளைகள் எல்லாம் வி.பி.என். (பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக ஈரோட்டுக்கு வந்து, இங்கிருந்துதான் இன்டர்நெட்டுக்குப் போகின்றன. கிளையில் 20 எம்.பி.பி.எஸ். லைன். கடன் மென்பொருளின் புதுப் பதிப்பு சுமார் 4 ஜி.பி. அதோடு விண்டோஸ் அப்டேட், ஊழியர் பயிற்சி வீடியோ. இவை இறங்கும் நாளில் கவுண்டரில் வேலை நின்றுவிடுகிறது. எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் மென்பொருளையும் அப்டேட்டையும் ஓரிடத்திலிருந்து அனுப்பும் மைக்ரோசாஃப்ட் கான்ஃபிகரேஷன் மேனேஜர் போட்டால் சரியாகும் என்று ஒரு விற்பனையாளர் சொல்கிறார். ஆனால் கிளைக்கு ஒரு சர்வர், ஒவ்வொன்றிலும் 64 ஜி.பி. ரேம், சர்வர் லைசென்ஸ், தனியாக எஸ்.க்யூ.எல். (தகவல் தள மென்பொருள்) லைசென்ஸ் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். அடகு ரசீது அடிக்கும் பிரிண்டர் மாட்டிய 12 பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்களும் இதில் வேலை செய்யும் என்று ஒரு பட்டியலைக் காட்டுகிறார். நம்பலாமா?
— நிர்வாக மேலாளர், ஈரோடு

பதில்: நம்ப வேண்டாம். மென்பொருள் நல்ல மென்பொருள்தான், உங்கள் பிரச்சினைக்குப் பொருத்தமும்கூட. கொட்டேஷன்தான் தப்பு. 34 சர்வர்களில் ஒன்றுகூட உங்கள் கிளைகளுக்குத் தேவையில்லை.

முதலில் அந்த 64 ஜி.பி. போன்ற பெரிய எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம். இந்த மென்பொருளின் சிஸ்டம் தேவைகள் பக்கத்தில் 16 கோர், 96 ஜி.பி. ரேம் என்று ஒரு வரி உண்டு. விற்பனையாளர்கள் அதைத்தான் பிரின்ட் எடுத்துக்கொண்டு வருவார்கள். அது 1,50,000 கம்ப்யூட்டர்களைக் கையாளும் மத்திய சர்வருக்கான கணக்கு. அதே ஆவணத்தில் 25,000 கம்ப்யூட்டர்களுக்கு 6 கோர், 24 ஜி.பி. போதும் என்று இருக்கிறது. உங்களிடம் மொத்தமே ஏறக்குறைய 300. ஈரோட்டில் ஒரே ஒரு சுமாரான சர்வர் இருந்தால் எல்லாம் நடக்கும்.

கிளையில் வேண்டியது, ஈரோட்டிலிருந்து ஒருமுறை கோப்பை வாங்கி வைத்துக்கொண்டு பக்கத்து மெஷின்களுக்குக் கொடுக்கும் ஓர் இடம். இதை டிஸ்ட்ரிப்யூஷன் பாயின்ட் என்பார்கள். அதற்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் அளவு 2 கோர், 8 ஜி.பி. ரேம், கோப்புகளுக்குப் போதுமான டிஸ்க். 64 பிட் விண்டோஸ் 11 போட்ட சாதாரண டெஸ்க்டாப்பிலேயே இதை நிறுவலாம், சப்போர்ட் உண்டு. ரேஷன் கடைக்கு லாரி ஒருமுறை வந்தால் போதும், கார்டுக்கு ஒரு லாரி வர வேண்டியதில்லை.

உங்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள். 20 எம்.பி.பி.எஸ். லைனில் 4 ஜி.பி. இறங்க, வேறு யாரும் அந்த லைனைத் தொடாவிட்டாலும் 27 நிமிடம் ஆகும். 8 மெஷினும் தனித்தனியாக இழுத்தால் மூன்றரை மணி நேரம். காலையில் மெஷினைப் போட்டதும் எல்லாம் சேர்ந்து இழுக்கின்றன; கவுண்டரில் நிற்கிறவர் ரசீதுக்குக் காத்திருக்கிறார். ஒரே பிரதி கிளைக்கு வந்து, மீதி உள்ளூர் சுவிட்சுக்குள் போனால், 100 எம்.பி.பி.எஸ். பழைய சுவிட்சாக இருந்தால்கூட மெஷினுக்கு ஐந்தரை நிமிடம்தான். ஆகவே சர்வரில் ரேம் கூட்டி இந்த நெரிசலைத் தீர்க்க முடியாது. லைனில் எத்தனை பிரதி வருகிறது என்பதுதான் கேள்வி.

அந்த ஒரு பிரதியை இரவிலேயே இறக்கிவிடலாம். எந்த நேரத்தில் இறங்க வேண்டும், லைனில் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்று அமைப்பிலேயே குறிக்க முடியும். கோப்பைத் தானே இழுத்துக்கொள்ளும் "புல்" வகை டிஸ்ட்ரிப்யூஷன் பாயின்ட் என்று ஒன்று இருக்கிறது. அதில் இந்த நேரக் கட்டுப்பாடு கிடையாது, எனவே சாதாரண வகையையே கேளுங்கள். இன்னொரு விஷயம். சாயங்காலம் கிளையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது நம் ஊர் வழக்கம். அப்படி அணைத்தால் இரவு வேலை எதுவும் நடக்காது. சி.சி.டி.வி.யும் அலாரமும் ஓடும் யு.பி.எஸ். லைனில் இந்த ஒரு டெஸ்க்டாப்பையும் மாட்டச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் மூன்று மாதம் "சாஃப்ட்வேர் சரியில்லை" என்று விற்பனையாளரோடு சண்டை போடும் நிறுவனங்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன்.

இனி டெஸ்க்டாப் யோசனைக்கு உள்ள ஒரே பெரிய விதிவிலக்கு. இதை யாரும் ஒழுங்காக விளக்குவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விண்டோஸ் டெஸ்க்டாப் லைசென்ஸ் ஒப்பந்தத்தில், அந்த மெஷினின் கோப்புப் பகிர்வு, பிரிண்டர் பகிர்வு, வெப் சேவை ஆகியவற்றை அதிகபட்சம் 20 கருவிகள்தான் பயன்படுத்தலாம் என்று இருக்கிறது. 20 ஆட்கள் இல்லை, 20 கருவிகள். 9 கம்ப்யூட்டர் உள்ள கிளைக்கு இது தாராளம். ஆனால் சிக்கல் எப்படி வரும் என்றால், காலியாகத்தானே கிடக்கிறது என்று அதே டெஸ்க்டாப்பில் ஒரு ஷேர்டு ஃபோல்டர் திறப்பார்கள். சி.சி.டி.வி. ரெக்கார்டர் அதில் பதிவை எழுதும், கைரேகை வருகைப்பதிவு மெஷின் எழுதும், ஸ்கேனர் எழுதும், மேலாளரின் லேப்டாப்பும் போனும் சேரும். எண்ணிக்கை சத்தமில்லாமல் ஏறும். ஷேர்டு ஃபோல்டரில் 21-வது கருவி வந்தால் விண்டோஸ் கதவைச் சாத்திவிடும். அன்றைக்கு எது வெளியே நிற்கும் என்று சொல்ல முடியாது. கவுண்டர் மெஷினாகவும் இருக்கலாம். எனவே அந்த டெஸ்க்டாப்பில் வேறு எதையும் பகிராதீர்கள்.

இதே 20-ஐ வைத்து இன்னொரு தவறும் நடக்கும். "பக்கத்துப் பக்கத்து மூன்று கிளைக்குச் சேர்த்து ஒரு மெஷின் போதுமே" என்று செலவைக் குறைத்துக் காட்டுவார்கள். மூன்று ஒன்பது இருபத்தேழு. ஒப்பந்தம் மீறப்படுகிறது, லைனும் மிச்சமாகவில்லை. நடுவில் ஒரு சாதனத்தை வைத்து எல்லா இணைப்பையும் ஒன்றாகக் காட்டினாலும், பின்னால் உள்ள கருவிகளைத்தான் எண்ண வேண்டும் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. உங்கள் தலைமை அலுவலகத்தின் 45 மெஷின்களுக்கும் இந்தக் காரணத்தால் டெஸ்க்டாப் ஆகாது. அவற்றுக்கு ஈரோட்டு சர்வரே கொடுக்கட்டும்.

அடுத்தது, உங்கள் கேள்வியில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன வரி: எல்லாக் கிளையும் ஈரோடு வழியாகத்தான் இன்டர்நெட்டுக்குப் போகிறது. விற்பனையாளர் இதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். விண்டோஸ் 10, 11-ல் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற வசதி உள்ளேயே இருக்கிறது, காசு கிடையாது. விண்டோஸ் அப்டேட்டை ஒரு மெஷின் வாங்கினால் பக்கத்து மெஷின் அதனிடமிருந்து எடுத்துக்கொள்ளும். பக்கத்து மெஷின் யார் என்பதை விண்டோஸ் 10-ல் அது இயல்பாக வெளி ஐ.பி. முகவரியை (இன்டர்நெட்டில் தெரியும் எண்) வைத்துத்தான் முடிவு செய்கிறது; விண்டோஸ் 11-ல் உள்ளூர் நெட்வொர்க்குக்குள் மட்டும் தேடுவதுதான் இயல்பு. உங்கள் 34 கிளைக்கும் வெளியே தெரிவது ஈரோட்டின் ஒரே முகவரி. ஆக, விண்டோஸ் 10 ஓடும் கோபிச்செட்டிபாளையம் கிளை மெஷினும் தாராபுரம் கிளை மெஷினும் ஒரே அறையில் இருப்பதாக அது நினைத்துக்கொள்ளும். ஒன்றிடமிருந்து மற்றொன்று கோப்பை இழுக்கும். அது கோபியிலிருந்து ஈரோடு, ஈரோட்டிலிருந்து தாராபுரம் என்று உங்கள் வி.பி.என். லைனிலேயே ஓடும். நெரிசலைக் குறைக்க வந்த வசதி நெரிசலைக் கூட்டுகிறது. உங்கள் கவுண்டர் நின்றதில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

தீர்வு சுலபம். குரூப் பாலிசியில் (எல்லா மெஷினுக்கும் ஒரே இடத்திலிருந்து விதி போடும் வசதி), ஒரே சப்நெட்டுக்குள் (நெட்வொர்க்கின் ஒரு உள்ளூர்ப் பகுதி) இருக்கும் மெஷின்களோடு மட்டும் பகிர்ந்துகொள் என்று ஒரு அமைப்பு இருக்கிறது; அதைப் போட்டால் போதும். கூடவே, இந்தப் பகிர்வு நடக்கும் 7680 என்ற போர்ட்டை (இணைப்பு வாசல்) ஆன்டிவைரஸ் அடைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கிளையில் வைஃபையில் ஓடும் மெஷின்கள் இருந்தால், ரவுட்டரில் ஒரு மெஷினை மற்றொன்றோடு பேச விடாத "ஐசொலேஷன்" என்ற அமைப்பு அணைந்திருக்க வேண்டும். பகிரும் மெஷினுக்குக் குறைந்தது 4 ஜி.பி. ரேம், 32 ஜி.பி. டிஸ்க் வேண்டும். வேலை செய்கிறதா என்று நீங்களே பார்க்கலாம்: செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதில் டெலிவரி ஆப்டிமைசேஷன், அதில் ஆக்டிவிட்டி மானிட்டர். உள்ளூர் மெஷின்களிடமிருந்து எத்தனை சதவீதம் வந்தது என்று அங்கே தெரியும். பூஜ்யம் என்று காட்டினால் யாரையும் பில் போட விடாதீர்கள்.

எஸ்.க்யூ.எல். லைசென்ஸ் விஷயம் எனக்குக் கோபம் வரவைக்கிறது. கான்ஃபிகரேஷன் மேனேஜர் லைசென்ஸிலேயே, அதன் தகவல் தளத்துக்கு மட்டும் எஸ்.க்யூ.எல். சர்வர் ஸ்டாண்டர்டு பயன்படுத்தும் உரிமை அடங்கியிருக்கிறது. அதைத் தனியாக விற்பது, சேர்த்து வாங்கிய சாமானுக்கு இரண்டாவது பில். உங்களிடம் இன்டியூன் (இன்டர்நெட் வழியாகக் கம்ப்யூட்டர்களை நிர்வகிக்கும் சேவை) அடங்கிய மைக்ரோசாஃப்ட் 365 திட்டம் ஏற்கெனவே இருந்தால் கான்ஃபிகரேஷன் மேனேஜர் உரிமையே அதில் வந்துவிடுகிறது. முதலில் உங்கள் பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். இதையெல்லாம் ஒரே இடத்தில் எளிமையாகச் சொல்ல அந்தக் கம்பெனிக்கு மனம் வரவில்லை. பத்துப் பக்கங்களில், பத்துத் தேதிகளில் சிதறிக் கிடக்கிறது; எல்லாம் ஆங்கிலம். இடைத்தரகர்கள் பிழைப்பதே இந்தச் சிதறலில்தான். நம் பக்கமும் சரியில்லை. தணிக்கைப் படிவத்தில் "கிளையில் சர்வர் உண்டா" என்று ஒரு கட்டம் இருந்தால், அதை நிரப்புவதற்காகவே லட்சங்களைச் செலவழிக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. கிளைக்கு டிஸ்ட்ரிப்யூஷன் பாயின்ட் இருக்கிறது என்று எழுதிக்கொடுங்கள், அதுவே பதில்.

கிளைகளுக்கு டெஸ்க்டாப் வாங்கும்போது கொட்டேஷனில் "விண்டோஸ் 11" என்று மட்டும் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். ஹோம் பதிப்பா, ப்ரோ பதிப்பா என்று எழுதியிருக்க வேண்டும். ஹோம் பதிப்பை டொமைனில் (நிறுவனத்தின் மைய நிர்வாக அமைப்பு) சேர்க்க முடியாது. மேலே சொன்ன பாலிசி எதுவும் அதில் ஏறாது. விலை குறைவு என்று ஹோம் மெஷின்களைத் தள்ளிவிட்டு, பிறகு சில நூறு ரூபாய்க்கு "ப்ரோ கீ" வாங்கித் தருகிறேன் என்பார்கள். அந்தக் கீகள் பெரும்பாலும் வேறு எங்கோ ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தவை. தணிக்கையில் மாட்டுவது நீங்கள்.

"டபிள்யூ.எஸ்.யு.எஸ். ஒழிந்துவிட்டது, அதனால் இதெல்லாம் வாங்கியே ஆக வேண்டும்" என்றும் விற்பனையாளர் சொல்லியிருப்பார். டபிள்யூ.எஸ்.யு.எஸ். என்பது விண்டோஸ் அப்டேட்டை நிறுவனத்துக்குள் வினியோகிக்கும் சர்வர் வசதி. 2024 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது, அதில் புதிய வசதிகள் சேர்க்க மாட்டோம் என்பதைத்தான். விண்டோஸ் சர்வர் 2025-லும் அது இருக்கிறது, ஓடுகிறது.

இப்போது அந்த 12 விண்டோஸ் 7 மெஷின்கள். அவர் காட்டிய பட்டியலின் தேதியைப் பாருங்கள். கான்ஃபிகரேஷன் மேனேஜரின் ஒவ்வொரு பதிப்புக்கும் 18 மாதம்தான் சப்போர்ட். அதைவிடப் பழைய பட்டியல் வெறும் காகிதம். விண்டோஸ் 7-க்கான சப்போர்ட் 2020 ஜனவரி 14-ல் முடிந்தது. காசு கட்டி வாங்கிய நீட்டிப்பும் 2023 ஜனவரியோடு சரி. நிறுவினால் ஓடும் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஓடுவது வேறு, சப்போர்ட் இருப்பது வேறு. நின்றுபோகும் நாளில் போன் செய்தால், முதல் கேள்வியாக ஆபரேட்டிங் சிஸ்டம் எது என்று கேட்பார்கள், பதிலைக் கேட்டதும் கோப்பை மூடிவிடுவார்கள்.

அவற்றில் விண்டோஸ் 11-ஐ "எப்படியாவது ஏற்றித் தருகிறேன்" என்று ஒருவர் வருவார். டி.பி.எம். 2.0 (பாதுகாப்புச் சிப்) இல்லாத, இன்டெல் 8-ம் தலைமுறைக்கு முந்தைய மெஷினில் சோதனையைத் தாண்டி ஏற்ற வழி இருக்கிறது. ஆனால் அப்படி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்லவில்லை. கோர் 2 டியோ மெஷினாக இருந்தால் விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு தொடங்கவே தொடங்காது. விண்டோஸ் 10-ஐ ஏற்றிச் சமாளிக்கலாம் என்றால், அதன் சப்போர்ட்டும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. நிறுவனங்களுக்கான நீட்டிப்பு மெஷினுக்கு முதல் ஆண்டு 61 டாலர், ஒவ்வோர் ஆண்டும் இரட்டிப்பு. பழைய மெஷினுக்கு அந்தப் பணம் அழிவு.

உங்களைத் தடுப்பது கம்ப்யூட்டர் இல்லை, பிரிண்டர்தான். விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது, எனவே பிரிண்டரை இயக்கும் பழைய 32 பிட் டிரைவர் மென்பொருள் ஏறாது. பிரிண்டரின் மாடல் எண்ணைப் பின்பக்க ஸ்டிக்கரில் பார்த்து, 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள். பேரலல் போர்ட் (பழைய வகை இணைப்பு) பிரிண்டர் என்றால், அதை யு.எஸ்.பி.யில் மாட்ட உதவும் கேபிள் ஒன்றை முதலில் ஒரே ஒரு கிளையில் போட்டு, நூறு ரசீது அடித்துப் பார்த்துவிட்டு மற்றதை வாங்குங்கள். டிரைவர் கிடைக்காத மெஷினைத் தனி வி-லேனில் (நெட்வொர்க்கில் பிரித்து வைத்த பகுதி) ஒதுக்கி, இன்டர்நெட்டை வெட்டி, ரசீது அடிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புது அமைப்பில் சேர்க்க வேண்டாம். லினக்ஸ், மேக் மெஷின்கள் எங்காவது இருந்தால் அவையும் இதில் சேராது.

ஈரோட்டுக்கு வாங்கும் அந்த ஒரு சர்வருக்கு விண்டோஸ் சர்வர் 2022 அல்லது 2025 என்று கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். கையிருப்பைத் தள்ள 2016-ஐக் கொடுக்கப் பார்ப்பார்கள். அதன் சப்போர்ட் 2027 ஜனவரி 12 வரைதான். சர்வர் லைசென்ஸ் குறைந்தது 16 கோருக்கு வாங்க வேண்டும், அதோடு ஒவ்வொரு கருவிக்கும் அல்லது ஊழியருக்கும் அணுகல் லைசென்ஸ் தனி. இரண்டும் தனித்தனி வரியாக இருக்கட்டும். முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். இரண்டு கிளையில் மட்டும் ஒரு மாதம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கடன் மென்பொருளின் அடுத்த பதிப்பு வருகிற நாள் அந்த மாதத்துக்குள் வர வேண்டும்.