பழைய விண்டோஸ், புது லேப்டாப்: பென் டிரைவ் தகராறுகளுக்குப் பதில்கள்

திருநெல்வேலி வட்டாரத்தில் விண்டோஸ் 7 கேட்டு வருகிறவர்கள் இன்னும் குறையவில்லை. அச்சகம், ஸ்டுடியோ, எடை மேடை என்று பழைய மென்பொருளை நம்பி ஓடுகிற தொழில்கள் இங்கே நிறைய. லேப்டாப் சர்வீஸ் பார்க்கிறவன் என்பதால் என்னிடம் கேட்பார்கள். அந்தக் கேள்விகளும் பதில்களும் இவை.

பாளையங்கோட்டை, அச்சகம்: அண்ணாச்சி, பேஜ்மேக்கருக்காக விண்டோஸ் 7 போடணும். ரூஃபஸ் என்ற மென்பொருளில் விண்டோஸ் நிறுவும் பென் டிரைவ் தயார் செய்தேன். விண்டோஸ் 10 உள்ள லேப்டாப்பில் செருகி எஃப்12 தட்டினால், எதிலிருந்து எழும்ப வேண்டும் என்று கேட்கிற மெனு சில சமயம் வரவே இல்லை. வந்தாலும் பட்டியலில் பென் டிரைவ் இல்லை. பென் டிரைவ் கெட்டுப்போச்சா?

பென் டிரைவ் மேல் பழி போடாதீர்கள். இது இரண்டு தனித்தனிச் சிக்கல். மெனு வராததற்குப் பெரும்பாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் காரணம். ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் 10 முழுதாக அணையாமல், தன் நிலையை டிஸ்கில் எழுதிவைத்துக்கொள்கிறது. அதனால் ரீஸ்டார்ட் கொடுங்கள். திரை கறுத்ததும் சாவியை விடாமல் தட்டுங்கள். டெல், லெனோவோவில் எஃப்12, ஹெச்.பி.யில் எஸ்கேப் தட்டிவிட்டு எஃப்9, ஆசஸில் எஸ்கேப்.

பட்டியலில் பெயர் வராதது பயாஸ் விவகாரம், அதாவது விண்டோஸுக்கு முன்னால் லேப்டாப்பை எழுப்பும் அடிப்படை மென்பொருளின் விவகாரம். இன்றைய லேப்டாப் யூ.இ.எஃப்.ஐ. என்ற புது முறையில் எழும்புகிறது. ரூஃபஸில் எம்.பி.ஆர். (டிஸ்கைப் பிரிக்கும் பழைய முறை) என்று தேர்ந்தெடுத்து எழுதிய விண்டோஸ் 7 பென் டிரைவ் லெகசி என்ற பழைய முறைக்கானது. இரண்டும் ஒன்றையொன்று பார்க்காது. பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டை (அனுமதி பெற்ற மென்பொருளை மட்டும் எழும்பவிடும் காவல்) அணையுங்கள், லெகசி அல்லது சி.எஸ்.எம். (பழைய முறைக்கு இடம்கொடுக்கும் வசதி) என்று இருப்பதை இயக்குங்கள். விண்டோஸ் 7 வந்தது 2009-இல்; செக்யூர் பூட் விண்டோஸ் 8 காலத்தில்தான் வந்தது, ஆகவே 7-க்கு அது தெரியாது. 32 பிட் பதிப்பு என்றால் லெகசியை விட்டால் வேறு வழியும் இல்லை. மாற்றிய பிறகு உள்ளே இருக்கும் விண்டோஸ் 10 எழும்பாது, பயப்பட வேண்டாம். பயாஸைப் பழையபடி வைத்தால் வந்துவிடும். ஆனால் டிஸ்க் பிட்லாக்கரில் பூட்டியிருந்தால் மீட்புச் சாவி கேட்கும். அதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

களக்காடு: ஏசர் லேப்டாப். செக்யூர் பூட் வரி மங்கலாக இருக்கிறது, தொடவே முடியவில்லை.

பயாஸில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்று வையுங்கள், அந்த வரி திறந்துகொள்ளும். வேலை முடிந்ததும் பாஸ்வேர்டை எடுத்துவிடுங்கள். மறந்துபோனால் பெரிய தலைவலி. எஃப்12 மெனுவும் ஏசரில் அணைந்தே இருக்கும், அதையும் அங்கேயே இயக்குங்கள்.

அம்பாசமுத்திரம், போட்டோ ஸ்டுடியோ: அண்ணாச்சி, பென் டிரைவ் பூட் ஆகி மொழி கேட்கிற திரை வருகிறது. கீபோர்டு வேலை செய்கிறது, மவுஸும் டச்பேடும் அசையவில்லை. இன்ஸ்டால் கொடுத்தால் ‘சி.டி., டி.வி.டி. டிரைவர் இல்லை’ என்கிறது. லேப்டாப்பில் டி.வி.டி. டிரைவே கிடையாதே!

என்னிடம் வருவதில் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். அந்தச் செய்தியை நம்பி டி.வி.டி. டிரைவர் தேடி அலையாதீர்கள். அது தேடுவது நீங்கள் செருகிய பென் டிரைவைத்தான். பூட் ஆகும்வரை பென் டிரைவைப் படித்துக்கொடுத்தது பயாஸ். செட்டப் தொடங்கியதும் விண்டோஸ் தன் டிரைவரை (கருவியை இயக்கும் துணை மென்பொருள்) கொண்டு படிக்க வேண்டும். விண்டோஸ் 7-க்குள் யூ.எஸ்.பி. 3.0 டிரைவர் கிடையாது. மவுஸ் செத்ததும் அதனால்தான். லேப்டாப் கீபோர்டு பெரும்பாலும் உள்ளே பழைய பி.எஸ்.2 முறையில் இணைந்திருப்பதால் அது மட்டும் தப்பிக்கிறது.

உங்கள் பிராசஸர் இன்டெல் 5-ஆம் தலைமுறையோ அதற்கு முந்தையதோ என்றால் சுலபம். நீல நிற யூ.எஸ்.பி. 3.0 வாயிலை விட்டு, கறுப்பு நிற 2.0 வாயிலில் செருகுங்கள். பிழை வந்த இடத்தில் கேன்சல் கொடுத்து, முதல் திரைக்குத் திரும்பி, வாயிலை மாற்றிவிட்டு மறுபடி இன்ஸ்டால் கொடுத்தாலும் சில மெஷின்களில் போய்விடும்.

6-ஆம் தலைமுறை முதல் இந்த வித்தை பலிக்காது. அந்தச் சிப்செட்டிலிருந்து இன்டெல் பழைய யூ.எஸ்.பி. 2.0 கன்ட்ரோலரையே எடுத்துவிட்டது. கறுப்பு வாயிலும் உள்ளே 3.0 கன்ட்ரோலரிடம்தான் போய் நிற்கும். வேறொரு கம்ப்யூட்டரில் வைத்து, யூ.எஸ்.பி. 3.0 டிரைவரை விண்டோஸ் 7-இன் ஐ.எஸ்.ஓ. என்ற நிறுவல் கோப்புக்குள்ளேயே ஏற்ற வேண்டும். விண்டோஸில் உள்ள டிஸ்ம் கட்டளை இதைச் செய்யும். டிரைவரை அதற்குள் இருக்கும் பூட்.விம் (செட்டப்பை ஓட்டுவது), இன்ஸ்டால்.விம் (டிஸ்கில் இறங்கும் விண்டோஸ்) இரண்டிலும் ஏற்றுங்கள். முதலாவதில் மட்டும் ஏற்றினால் செட்டப் ஓடி முடியும்; பிறகு டெஸ்க்டாப் வந்ததும் மவுஸ் மறுபடி செத்துக் கிடக்கும். பூட்.விம்முக்குள் இரண்டு பகுதி உண்டு, செட்டப் இருப்பது இரண்டாவதில். ஏற்றும்போது என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி. டிஸ்குக்கான மைக்ரோசாஃப்டின் கே.பி.2990941 திருத்தத்தையும் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த திரையில் டிஸ்கே தெரியாது.

வீரவநல்லூர்: டிஸ்க் தெரிகிறது. ‘ஜி.பி.டி. முறையில் உள்ளது, இதில் நிறுவ முடியாது’ என்கிறது.

ஜி.பி.டி. என்பது டிஸ்கைப் பிரிக்கும் புது முறை. லெகசியில் பூட் செய்தால் டிஸ்க் எம்.பி.ஆர். ஆக இருக்க வேண்டும். அந்தத் திரையிலேயே ஷிஃப்ட்டும் எஃப்10-ம் சேர்த்து அழுத்தினால் கறுப்புச் சன்னல் வரும். டிஸ்க்பார்ட், லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க், கிளீன், கன்வர்ட் எம்.பி.ஆர். என்பது வரிசை. கிளீன் அடித்தால் ஒன்றும் மிஞ்சாது; கல்யாண ஆல்பம், ரெக்கவரி பகுதி எல்லாம் போகும். பட்டியலில் பென் டிரைவும் நிற்கும் என்பதால் அளவைப் பார்த்து எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

ஆலங்குளம், எடை மேடை: எக்ஸ்.பி. போடுகிறேன். நீலத் திரை வந்து 7பி என்று முடிகிற எண் காட்டுகிறது.

டிஸ்கோடு பேசும் புது முறையான ஏ.ஹெச்.சி.ஐ. எக்ஸ்.பி.க்குத் தெரியாது. பயாஸில் சாட்டா (டிஸ்க் இணைப்பு) முறையைப் பழைய ஐ.டி.இ. என்று மாற்றுங்கள். அந்த வரியே இல்லாத மெஷின் என்றால் எக்ஸ்.பி.யை மறந்துவிடுங்கள். எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே கை கழுவிவிட்டது. எடை மேடைக் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் ஒயரைச் செருகவே வேண்டாம்.

சேரன்மகாதேவி, டைப்பிங் சென்டர்: தம்பி, 64 பிட் விண்டோஸ் 7. ‘ஸ்டார்ட்டிங் விண்டோஸ்’ என்று வந்து அப்படியே நிற்குது. ராத்திரி முழுக்க விட்டுப் பார்த்தேன்.

ஒரு வாரம் விட்டாலும் நிற்கும் அக்கா. யூ.இ.எஃப்.ஐ. முறையில் பூட் செய்திருக்கிறீர்கள். 64 பிட் அதில் எழும்பும், ஆனால் திரை காட்டப் பழைய பயாஸின் உதவி வேண்டும். சி.எஸ்.எம். இயக்கிவிட்டுப் பாருங்கள்.

மேலப்பாளையம்: 12-ஆம் தலைமுறை இன்டெல், புது லேப்டாப். பயாஸில் லெகசி என்ற சொல்லே இல்லை பாய். என்ன செய்யலாம்?

இதில் விண்டோஸ் 7 போடாதீர்கள். முக்கிப் போட்டாலும் திரைக்கு, வைஃபைக்கு டிரைவர் கிடைக்காது. விண்டோஸ் 7-க்கான திரை டிரைவரை இன்டெல் 6-ஆம் தலைமுறையோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்குள் வர்ச்சுவல்பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள்) நிறுவி, அதற்குள் விண்டோஸ் 7 ஓட்டுங்கள். மேற்சொன்ன ஒரு தகராறும் அங்கே வராது, பிரிண்டரையும் உள்ளே இணைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு பழைய மென்பொருளுக்காகக் கேட்கிற எல்லோருக்கும், அச்சகக்காரர் உட்பட, நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பேட்டை, கல்லூரி மாணவர்: போட்டாச்சு அண்ணே. வைஃபை இல்லை, டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும்.

வேறு கம்ப்யூட்டரில் லேப்டாப் கம்பெனியின் பக்கத்துக்குப் போய், உங்கள் மாடலுக்கு லேன் டிரைவரை மட்டும் பென் டிரைவில் எடுங்கள். ஒயரில் நெட் வந்தால் மற்றதை இறக்கிக்கொள்ளலாம். அப்டேட் ஏற மறுத்தால் முதலில் கே.பி.4474419 போடுங்கள், 2019-க்குப் பிறகு வந்த அப்டேட்டுகளுக்கு அது தேவை. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-உடன் முடிந்தது, குரோமும் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. பேங்க் வேலையை போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

வள்ளியூர்: பாதி இன்ஸ்டால் ஆகி ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடி முதலிலிருந்து மொழி கேட்கிறது. மூன்று முறை சுற்றியாச்சு!

முதல் ரீஸ்டார்ட்டில் பென் டிரைவை உருவிவிடுங்கள்.