மறு: மகளைக் காந்திகிராமத்தில் சேர்க்கலாமா?

வணக்கம் ஐயா. திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தில் மகளுக்கு இடம் கிடைத்தும், 'பாடத்தை விட்டுவிட்டுக் கிராமம் கிராமமாகச் சுற்ற வைப்பார்களாமே' என்று தயங்குகிறீர்கள். சுற்றத்தான் வைப்பார்கள், 1956-இல் அந்த நிறுவனம் தொடங்கியதே அதற்காகத்தான். 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மாணவர்கள் குழுவாகக் கிராமத்தில் சில நாள் தங்கி, மக்களோடு பழகி வேலை செய்வார்கள். குழாயடியில் குடத்தோடு நிற்பவரிடம் பத்து நிமிடம் பேசினால் தெரிவது எந்த வகுப்பிலும் தெரியாது, என்னைக் கேட்டால்.

முகாமில் பெண்கள் தங்கும் இடம், கழிப்பறை எப்படி என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதை அலுவலகத்தில் கேட்காதீர்கள். விடுதி மாணவிகளிடம் மகளையே கேட்கச் சொல்லுங்கள். அப்புறம், ஒருநாள் நேரில் போய் வாருங்கள். சிறுமலை அடிவாரம், பக்கத்திலேயே சின்னாளப்பட்டி. (சுங்குடிச் சேலைக்கும் பணம் எடுத்துக்கொள்ளுங்கள்!)